30-க்கு 50 மனை, வடக்கு வாசல், 2 பெட்ரூம்: தரைத்தளத்தை எப்படிப் பிரிப்பது?

கேள்வி சுருக்கமாக இது: வடக்கே சாலை உள்ள 30 அடி அகலம், 50 அடி நீள மனை. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான அம்மா. இப்போதைக்குத் தரைத்தளம் மட்டும், நான்கைந்து வருடத்தில் மாடி. ஒரு சின்ன கார் நிற்க வேண்டும். வாஸ்துவை முழுதாக விட மனமில்லை. இதற்குள் 2 பெட்ரூம், ஹால், சமையலறை எப்படி அமைப்பது?

அமையும், தாராளமாகவே அமையும். ஆனால் பெரும்பாலானவர்கள் செய்வதுபோல் "ஹால் இவ்வளவு, பெட்ரூம் இவ்வளவு" என்று ஆரம்பித்தால் கடைசியில் மாடிப்படிக்கு இடம் இருக்காது. பிறகு இடித்துத் திருத்த முடியாத விஷயங்கள் மூன்று: படி, கழிவுநீர் போகும் வழி, கார் நிற்கும் இடம். முதலில் இவற்றை வரைந்துவிட்டு மிச்சத்தை அறைகளுக்குக் கொடுங்கள்.

முதலில் காலியிடம். சாலையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து விட வேண்டிய அளவு மாறும். உங்கள் உள்ளாட்சிக்கு என்ன அளவு என்பதைப் பதிவுபெற்ற பொறியாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இங்கே கணக்குக்காக முன்னால் 5 அடி, பின்னால் 3½ அடி, பக்கத்துக்கு 3 அடி 3 அங்குலம் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டக் கிடைப்பது 23½ அடி அகலம், 41½ அடி நீளம். இதில் சாலைப் பக்கம் 10 அடியைப் படி, திண்ணை, கார் மூன்றுக்கும் ஒதுக்குங்கள். பின்னால் இருக்கும் 23½-க்கு 31½ அடிதான் வீடு, 740 சதுர அடி.

740-ம் உங்களுக்குக் கிடைக்காது. வெளிச்சுவர் 9 அங்குலம், உள்சுவர் 4½ அங்குலம் என்று வைத்தால் சுவர்களே 105 சதுர அடிக்கு மேல் தின்னும். புழங்கக் கிடைப்பது சுமார் 630. இணையத்தில் பார்க்கும் பிளான்களில் பல, சுவரே இல்லாதது போல் அறை அளவுகளைக் கூட்டிவைத்திருக்கும். உள்ளளவுகளையும் சுவர்களையும் சேர்த்துக் கூட்டி, வெளியளவு வருகிறதா என்று எந்தப் பிளானையும் ஒருமுறை சரிபாருங்கள். இங்கே நீளவாக்கில் 31½ அடியில் இரண்டு வெளிச்சுவர் போனால் 30 அடி. அகலத்தில் இரண்டு வெளிச்சுவரும் நடுவில் ஒரு 4½ அங்குலச் சுவரும் போனால் 21 அடி 7½ அங்குலம். அதை மேற்கே 10 அடி, கிழக்கே 11 அடி 7½ அங்குலம் என்று இரண்டு பட்டையாகப் பிரிக்கிறோம்.

இனி படி. தரைத்தளத் தரையிலிருந்து மாடித் தரை வரை 10½ அடி, அதாவது 126 அங்குலம். ஒரு படிக்கு 7 அங்குல உயரம் வைத்தால் 18 ஏற்றம். பாதியில் திரும்பும் படி என்றால் ஒரு பக்கம் 9 ஏற்றம். 9 ஏற்றத்துக்கு மிதிபலகை 8-தான், ஏனென்றால் ஒன்பதாவது ஏற்றம் ஏறியதும் காலை வைப்பது திரும்பும் மேடையில். 8 மிதி 10 அங்குலம் வீதம் 6 அடி 8 அங்குலம், மேடை 3 அடி, ஆக நீளம் 9 அடி 8 அங்குலம். அகலம் 3 அடி வீதம் இரண்டு பக்கமும் நடுவில் 6 அங்குல இடைவெளியும் சேர்த்து 6½ அடி.

9 அடி 8 அங்குலத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைத்து, 10 அடிப் பட்டையில் படியை வடக்கு தெற்காக நிறுத்திவிடுவார்கள். மாட்டிக்கொள்வது இங்கேதான். கீழே முதல் படியில் கால் வைக்கும் முன் நிற்க 3 அடி வேண்டும், மேலே கடைசிப் படி ஏறியதும் நிற்க அதே 3 அடி வேண்டும். ஆக உண்மையான தேவை 12 அடி 8 அங்குலம். வடக்கு தெற்காகப் போட்டால் ஒன்று சுவரில் முட்டும், இல்லை முன்காலியிடத்தில் நீட்டும்.

ஆகவே படியைக் கிழக்கு மேற்காகப் போடுங்கள். வடமேற்கு மூலையில், கட்டடக் கோட்டை ஒட்டி 9 அடி 8 அங்குலத்துக்கு 6½ அடி. திண்ணையிலிருந்து மேற்கு நோக்கி ஏறி, மூலையில் திரும்பி, கிழக்கு நோக்கித் திண்ணையின் கூரை மேல் போய் இறங்குகிறோம். நிற்க வேண்டிய 3 அடியைக் கீழேயும் மேலேயும் திண்ணையே கொடுத்துவிடுகிறது. படிக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் 3½ அடி மிஞ்சும். அதை மூடிவிடாதீர்கள், முன் பெட்ரூமின் வடக்கு ஜன்னலுக்கு வெளிச்சம் வருவது அந்தச் சந்து வழியாகத்தான்.

படி எந்த மட்டத்திலிருந்து தொடங்குகிறது என்பதிலும் கவனம் வேண்டும். சாலையிலிருந்து வீட்டுத் தரை 2 அடி உயரம், கார் நிற்கும் தரை அரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மாடிப்படியைக் கார் தரையிலிருந்தே தொடங்கினால் கூடுதலாக 18 அங்குலம் ஏற வேண்டும். 18 ஏற்றம் 21 ஆகும், நீளம் 11 அடியைத் தாண்டும். அதனால் கார் தரையிலிருந்து திண்ணைக்கு 6 அங்குலத்தில் 3 படி தனியாகப் போட்டு, மாடிப்படியைத் திண்ணையிலிருந்து தொடங்குங்கள். அம்மா ஏறும் அந்த மூன்று படிக்கும் ஒரு பக்கம் கைப்பிடி வையுங்கள், மிதி 1 அடி இருக்கட்டும்.

படிக்கு அடியில் ஒரு கழிப்பறை வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். திரும்பும் மேடை திண்ணை மட்டத்திலிருந்து 5 அடி 3 அங்குல உயரத்தில் வரும். தளத்தின் கனம் 5 அங்குலம் போனால் 4 அடி 10. தரையைக் கார் மட்டத்துக்குத் தாழ்த்தினாலும் 6 அடி 4 அங்குலம்தான். பூச்சு, டைல்ஸ் போட்டால் இன்னும் குறையும். தலை இடிக்கும் கழிப்பறையை வீட்டில் யாரும் பயன்படுத்த மாட்டார்கள். மோட்டார், இன்வெர்ட்டர், சைக்கிள் வைக்க அது அருமையான இடம்.

கார் வடகிழக்கில். 4 மீட்டருக்கு உட்பட்ட சின்ன கார் 13 அடி 2 அங்குலத்துக்குள் அடங்கும். முன்காலியிடம் 5, பட்டை 10, மொத்தம் 15 அடி நீளம் இருக்கிறது. அகலத்துக்குக் கட்டடப் பகுதியில் 6 அடி எடுத்தால் போதும், கிழக்குப் பக்கத்துக் காலியிடத்தோடு சேர்த்து 9 அடி 3 அங்குலம் ஆகிவிடும். ஆனால் முன்னால் மிஞ்சுவது 2 அடிக்குள் என்பதால் உள்ளே திறக்கும் கேட் காரில் இடிக்கும், வெளியே தெருவில் திறப்பதும் கூடாது. சுற்றுச்சுவரை ஒட்டி நகரும் கேட் போடுங்கள். படிக்கும் காருக்கும் இடையில் திண்ணைக்கு 7 அடி 10 அங்குல அகலம் கிடைக்கும், ஐந்தாறு பேர் உட்காரலாம்.

வீட்டுக்குள் வருவோம். மேற்குப் பட்டை 10 அடி அகலம். தென்மேற்கில் பெரிய பெட்ரூம் 10-க்கு 10½, வடமேற்கில் இரண்டாவது பெட்ரூம் 10-க்கு 10. நடுவில் 8 அடி 9 அங்குலம் மிஞ்சும், அதில் இரண்டு கழிப்பறை. ஆனால் 10 அடி முழுவதையும் கழிப்பறைக்குக் கொடுக்காதீர்கள். ஹால் பக்கம் 3 அடி 3 அங்குலத்தில் ஒரு சின்ன நடை விட்டு, இரண்டு பெட்ரூம் கதவுகளையும் பொதுக் கழிப்பறையின் கதவையும் அந்த நடைக்குள் திறக்கவிடுங்கள். ஹாலில் விருந்தாளி இருக்கும்போது கழிப்பறைக் கதவு அவர் முகத்துக்கு நேரே திறக்காது. 28 சதுர அடி வீணாகிறதே என்று தோன்றும். அந்த நடை இல்லையென்றால் ஹால் சுவரில் மூன்று கதவு வரும். சோபாவோ அலமாரியோ வைக்க அந்தப் பக்கம் ஒரு சுவர்கூட மிஞ்சாது.

கழிப்பறை ஒவ்வொன்றும் 4 அடி 2 அங்குலத்துக்கு 6 அடி 4 அங்குலம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்குக் குறைந்தது 1.2 மீட்டர் அகலம், 2.8 சதுர மீட்டர் பரப்பு கேட்கிறது. இரண்டு பக்கமும் பூச்சும் டைல்ஸும் போனால் 4 அடிதான் நிற்கும், அகலம் விதிக்குள் வந்துவிடும். பரப்பு 2.8 சதுர மீட்டருக்குக் குறைவுதான், அதைப் பொறியாளரிடம் பேசிவிடுங்கள். ஆனால் இந்த அகலத்தில் வெஸ்டர்ன் கோப்பையை நீளச் சுவரில் வைத்தால், அது 2¼ அடி நீட்டி, முன்னால் 1¾ அடிதான் இருக்கும். முழங்கால் எதிர்ச்சுவரில் படும். கோப்பையை மேற்கு வெளிச்சுவரில், அதாவது குறுகிய சுவரில் வையுங்கள். குழாயும் நேராக வெளியே போய்விடும். தெற்கில் இருப்பது பெரிய பெட்ரூமோடு சேர்ந்தது. வடக்கில் இருப்பது நடையில் திறப்பது; அம்மாவின் அறைக் கதவிலிருந்து இரண்டு எட்டு. முடிந்தால் பெரிய பெட்ரூமில் 4 அங்குலம் குறைத்து, அம்மாவின் கழிப்பறையை அந்த அளவுக்கு அகலமாக்குங்கள். கோப்பைக்குப் பக்கத்தில் பிடித்து எழ ஒரு கம்பி வேண்டும். கம்பி வரும் இடத்தில் சுவர் ஹாலோ பிளாக் என்றால் இப்போதே அந்தத் துளைகளில் கான்கிரீட் நிரப்பச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆணி பிடிக்காது.

இரண்டு கழிப்பறையும் மேற்குச் சுவரில் இருப்பதில் ஒரு லாபம், மாலை வெயில் அங்கே விழுந்து ஈரம் காயும். பெட்ரூம்களுக்கு அதே வெயில் தொல்லை. மாலையில் சூரியன் தாழ்ந்திருப்பதால் 2 அடி சன்ஷேட் பெரிதாகத் தடுக்காது. பெரிய பெட்ரூமுக்கு முக்கிய ஜன்னலைத் தெற்கே வைத்து, மேற்கில் சின்னதாக 2-க்கு 3 போதும் என்று விட்டுவிடலாம். இரண்டாவது பெட்ரூமுக்கு வடக்கே பெரிய ஜன்னல். ஈரமும் வெப்பமும் உள்ள ஊர்களுக்கு ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 100 சதுர அடி அறைக்குச் சுமார் 17 சதுர அடி, அதாவது 4-க்கு 4¼.

பெட்ரூமில் கட்டில் எங்கே போகிறது என்று பார்க்காமல் கதவைக் குறிக்காதீர்கள். பெரிய பெட்ரூமின் கதவு வடகிழக்கு மூலையில். கிழக்குச் சுவரில் கதவு திரும்ப 3½ அடி விட்டு, மீதி 7 அடிக்கு 2 அடி ஆழ அலமாரி. தெற்கே தலைவைத்து 5-க்கு 6½ கட்டில். அகலத்தில் கணக்கு: 10-ல் அலமாரி 2, கட்டில் 5 போக 3 அடி. மேற்குச் சுவர் பக்கம் அரை அடி விட்டால் அலமாரிக்கு முன் 2½ அடி கிடைக்கும், கதவு திறக்கவும் நிற்கவும் சரி. இதே அறையில் 6 அடி அகலக் கட்டில் போட்டால் முன்னால் 1½ அடிதான், அலமாரிக் கதவு கட்டிலில் இடிக்கும். பெரிய கட்டில் வேண்டுமென்றால் தள்ளும் கதவு அலமாரிதான் வழி.

பொறியாளர் 9-க்கு 12 அங்குலத் தூண் கொடுத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். நடுச்சுவர் 4½ அங்குலம் என்பதால், தூண் 4½ அங்குலமாவது ஏதோ ஒரு அறைக்குள் துருத்தும். அது ஹால் பக்கம் வந்தால் என்றைக்கும் கண்ணை உறுத்தும். அலமாரிக்குள்ளோ கதவுக்குப் பின்னாலோ வரும்படி எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை அஸ்திவாரம் தோண்டும் முன்பே அவரிடம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கம்பி கட்டிய பிறகு பேசிப் பலனில்லை.

கிழக்குப் பட்டையின் தென்கிழக்கு மூலையில் சமையலறை 8-க்கு 8. அதன் மேற்கில் 3 அடி 3 அங்குலத்துக்கு 8 அடி பாத்திரம் கழுவும் இடம், பின்வாசல் அங்கேதான். வாஷிங் மெஷின், துடைப்பம், காலி சிலிண்டர் எல்லாம் அதற்குள் போய்விடும். சமையல் மேடை கிழக்கிலும் தெற்கிலும் எல் வடிவில், ஆழம் 2 அடி. உயரத்துக்குப் பொது அளவு 34 அங்குலம், ஆனால் சமைப்பவர் குள்ளம் என்றால் 32 வையுங்கள். மேடை உயர்ந்தால் தோள் வலிக்கும். அடுப்புக்கு நேர் பின்னால் ஜன்னல் வைக்காதீர்கள், காற்றில் தீ அலையும். அடுப்பு கிழக்குச் சுவரின் நடுவில், புகைபோக்கி அதற்கு மேல், ஜன்னல் தெற்கே தொட்டிக்கு மேல். மிக்ஸி, கிரைண்டர் வரும் இடத்தில் மேடையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பிளக். கிரைண்டருக்கும் மைக்ரோவேவுக்கும் 16 ஆம்பியர். ஃபிரிட்ஜ் சாப்பாட்டு இடத்துக் கதவுக்குப் பக்கத்தில், அதன் கதவு முழுதாகத் திறக்க ஒரு பக்கம் 3 அங்குலமாவது விட்டு.

மிச்சம் 21½ அடி நீளத்துக்கு 11 அடி 7½ அங்குலம், இது ஹாலும் சாப்பாட்டு இடமும். நடுவில் சுவர் வேண்டாம். வாசலிலிருந்து நடைக்கும் சமையலறைக்கும் போகும் வழி மேற்குச் சுவரை ஒட்டி 3 அடி. உட்காரும் இடம் கிழக்குப் பக்கம் 8½ அடி. வாசல் கதவை ஹாலின் நடுவில் வைத்தால் இந்த வழி ஹாலைக் குறுக்கே வெட்டிவிடும், டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் நாள் முழுவதும் யாராவது நடந்துகொண்டே இருப்பார்கள். கதவை மேற்கு ஓரத்துக்குத் தள்ளுங்கள்.

கை கழுவும் பேசினுக்கு இந்தப் பிளானில் தானாகவே ஓர் இடம் வருகிறது. சமையலறைச் சுவர் முடிந்து நடையின் வாய் தொடங்கும் முன், பெரிய பெட்ரூமின் கிழக்குச் சுவர் இரண்டரை அடிக்குச் சாப்பாட்டு இடத்தைப் பார்த்து நிற்கும். பேசின் அங்கே. கழிவுக் குழாய் தெற்கே பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய்விடும். சுவரின் அந்தப் பக்கம் பெட்ரூமும், குழாய் போகும் வழியில் அலமாரியும் இருப்பதால் சுவருக்குள் குழாய் புதைத்தால் ஈரம் துணிக்கு ஏறும். குழாயைச் சுவருக்கு வெளியே விட்டு, பேசினுக்கு அடியில் மூடிவிடுங்கள்.

வாஸ்து பற்றிக் கேட்டீர்கள். வடக்குச் சாலை மனையில் அதிர்ஷ்டவசமாகச் சண்டை குறைவு: தென்கிழக்கில் அடுப்பு, தென்மேற்கில் பெரிய பெட்ரூம், வடகிழக்கில் தண்ணீர்த் தொட்டி, வடமேற்கில் படி எல்லாம் தானாகவே வந்துவிட்டன. மனையடி அளவு பார்ப்பவர்கள் பூச்சு முடிந்த உள்ளளவைத்தான் பார்ப்பார்கள். 10 அடி வேண்டுமென்றால் செங்கலிலிருந்து செங்கலுக்கு 10 அடி 1 அங்குலம் விடச் சொல்லுங்கள், பூச்சு பக்கத்துக்கு அரை அங்குலம் எடுக்கும். ஆனால் குழாய்ச் சரிவும் வாஸ்துவும் மோதினால் நான் சரிவு பக்கம்தான்.

சரிவு இங்கே சும்மா வராது, ஏனென்றால் சமையலறை பின்மூலையில், சாக்கடை முன்னால். 45 அடி தூரத்துக்கு 60-க்கு 1 சரிவு கொடுத்தால் 9 அங்குலம் இறங்கும். பின்னால் கழிவுநீர் இறங்கும் தொட்டியில் குழாய் ஓர் அடி ஆழத்தில் தொடங்கினால், முன்னால் 1 அடி 9 அங்குலத்தில் இருக்கும். தெருச் சாக்கடையின் மட்டம் அதற்கும் மேலே என்றால் மழைக்காலத்தில் தண்ணீர் எதிர்த்து வரும். ஆகவே வீட்டுத் தரை எவ்வளவு உயரம் என்பதைப் பக்கத்து வீட்டைப் பார்த்து முடிவு செய்யாமல், சாக்கடை மட்டத்திலிருந்து மேல் நோக்கிக் கணக்கிடுங்கள். தெருவை உயர்த்தி உயர்த்திப் போடும் ஊரென்றால் 2 அடியை 3 அடியாக்குங்கள்; திண்ணைப் படியும் அதற்கேற்பக் கூடும். சமையலறைத் தண்ணீர் கழிப்பறைக் குழாயில் சேரும் முன் எண்ணெய்ப் பிசுக்கு தங்க ஒரு சின்ன தொட்டி வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் அடைக்கும்.

பாதாளச் சாக்கடை இல்லாத தெருவானால் செப்டிக் டேங்க் வடமேற்கு முன்மூலையில். 5 பேருக்கு உள்ளளவு 5 அடி நீளம், 2½ அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 3½ அடி போதும். பெரிதாகத் தோண்டி அடியைத் திறந்துவிடுவது வழக்கம், போர் தண்ணீர் கெட்டுப்போவது அதனால்தான். கீழ்த்தளமும் சுவரும் கசியாமல் இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி அதற்கு எதிர்மூலையில், கார் நிற்கும் இடத்தின் அடியில். 6-க்கு 6-க்கு 5 அடி என்றால் 5000 லிட்டர். மேல் மூடித் தளம் காரின் எடையைத் தாங்கும்படி பொறியாளர் கம்பி கொடுக்க வேண்டும், இறங்கும் வாய் டயர் ஏறாத இடத்தில் இருக்கட்டும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டாயம். மொட்டைமாடிக் குழாய்களைக் கிழக்குப் பக்கம் இறக்கினால் கழிவுக் குழாயோடு குறுக்கிடாது.

மாடிக்காக இப்போதே செய்ய வேண்டியவை மூன்று. தூண், அஸ்திவாரம் இரண்டும் இரண்டு தளத்துக்குக் கணக்கிடப்பட வேண்டும். மாடிக் கழிப்பறை கீழ்க் கழிப்பறைக்கு நேர் மேலே வரும் என்று முடிவு செய்து, அந்தப் பகுதியில் மட்டும் கூரைத் தளத்தைக் குழாய் போக 9 அங்குலம் தாழ்த்திப் போட வேண்டும். கீழே கழிப்பறை என்பதால் உயரம் குறைவது தெரியாது. மாடி எழும்பும் வரை அந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்காமல் வெளியேற ஒரு குழாய் விடுங்கள். மின் மீட்டர் பலகையில் இன்னொரு இணைப்புக்கு இடம் விடுங்கள்.

அனுமதிக்கு அலைய வேண்டியது குறைந்திருக்கிறது. 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. ஆனால் சான்று தருவது நீங்கள். விதியை மீறியிருந்தால் பொறுப்பும் உங்களுடையது. மாடியையும் சேர்த்து இப்போதே விண்ணப்பிப்பதா என்று பொறியாளரிடம் கேளுங்கள்.

பணம் கொடுக்கும் முன், கட்டம் போட்ட தாளில் ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று இந்தப் பிளானை நீங்களே வரையுங்கள். கட்டில், அலமாரி, சோபா, ஃபிரிட்ஜ், கார் எல்லாவற்றையும் அதே அளவில் அட்டையில் வெட்டி வைத்து, ஒவ்வொரு கதவும் திறக்கும் கால்வட்டத்தைப் பென்சிலில் போடுங்கள். இரண்டு கால்வட்டங்கள் வெட்டினால் ஒரு கதவின் கீல் பக்கத்தை மாற்றுங்கள். பிறகு மனையில் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டு அம்மாவை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். கோடு போட்ட மனை எப்போதும் சின்னதாகத்தான் தெரியும். பயந்து அறையைப் பெரிதாக்கச் சொல்லாதீர்கள், டேப்பை வைத்து அளந்து பாருங்கள்.